லாம்ப்ரோஸும் நூறு பேர் சட்டமும்

லாம்ப்ரோஸ் மாமா எங்கள் வீட்டு மேல்மாடியில் வேறு மூன்று ஆண்களோடு ஒரே அறையில் குடியிருந்தார். அமெரிக்காவில் லோவெல் நகரத்துத் துணி ஆலையின் சாயப் பிரிவில் அவருக்குப் பதினான்கு வருட வேலை. அந்த வாரம் ஆலையில் என்ன நிறம் ஓடுகிறது என்பதை அவருடைய நகக்கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் பள்ளிப் படிப்பை முடித்த 1924 கோடை வரைக்கும் அவர் ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு நிச்சயம் செய்திருந்த தியாமாந்தோ கப்பலேறி இங்கே வந்து சேர வேண்டும். அவர் கிரேக்க நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அவள் எட்டு வயதுச் சிறுமி. பெரியவளான பிறகு அவளை அவர் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தார்.

நிச்சயம் நடந்து நாலு வருடமாகியும் அவள் வராததற்குக் காரணம் எங்கள் கிரேக்க வழக்கம். தங்கைகளைக் கரையேற்றாமல் அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அவருக்கு மூன்று தங்கைகள். இரண்டு பேருக்கு முடிந்துவிட்டது. கடைசித் தங்கை அந்தூலா பாக்கி.

முந்தின வருடம் ஆகஸ்டில் தியாமாந்தோவுக்குக் கப்பலில் ஓர் இடம் கிடைத்தது. அப்போது கிரேக்கர்களில் வருடத்துக்குச் சுமார் மூவாயிரம் பேர் அமெரிக்காவுக்குள் வரலாம். ஜூலையில் கதவு திறந்தால் சில மாதங்களில் இடம் தீர்ந்துவிடும். காப்பிக் கடைக்காரர் திமோலியோனும் லாம்ப்ரோஸும் அன்று பேசிக்கொண்டதை அப்பா வந்து எங்களிடம் சொன்னார்.

"டேய், பொண்ணை முதல்ல ஏத்திவிடச் சொல்லுடா. தங்கச்சி கல்யாணம் எங்க ஓடிப்போகுது?"

"அந்தூலா சும்மா உக்காந்திருக்கும்போது நான் கட்டிக்கிட்டா ஊர்ல காறித் துப்புவாங்க அண்ணே."

"ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. துப்பினா இங்க வரைக்குமா தெறிக்கும்?"

கடையே சிரித்ததாம், லாம்ப்ரோஸும் சேர்ந்து. ஆனால் கப்பல் இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அடுத்த ஜூலையில் வரட்டும் என்றார்.

ஜனவரியில் அந்தூலாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாகக் கேட்டதால், ஊரில் தன் பங்குக்கு இருந்த ஆலிவ் தோட்டத்தையும் அவள் பேருக்கே எழுதிவிடும்படி லாம்ப்ரோஸ் தன் அப்பாவுக்குக் கடிதம் போட்டார். கல்யாண வீட்டிலிருந்து சர்க்கரை பூசிய பாதாம் ஒரு பொட்டலம் வந்தது. எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிக் கொடுத்தார்.

"எவ்தோகியா, இதைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்க. கனவுல மாப்பிள்ளை வருவான்."

"எனக்கு மாப்பிள்ளை வேணாம், வேலைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே தின்றுவிட்டேன். "அடிப்பாவி, மாப்பிள்ளையைக் கடிச்சே தின்னுட்டியே" என்றார்.

அந்த வருடம் நாடு முழுவதும் ஒரே பேச்சு. வெளிநாட்டார் அளவுக்கு மீறி வந்துவிட்டார்கள், இனி கதவைச் சாத்த வேண்டும் என்று ஒரு பக்கம். இந்த ஆலைகளை ஓட்டுவதே அவர்கள்தானே என்று இன்னொரு பக்கம். மார்ச் மாதம் எங்கள் பள்ளியிலும் அதையே பட்டிமன்றமாக வைத்தார்கள். சீட்டுப் போட்டதில் எனக்குக் கதவைச் சாத்தும் கட்சி விழுந்தது. எந்தக் கட்சியானாலும் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். ஆனால் சபையைத் திருப்பியது புத்தகத்தில் இல்லாத ஒன்று.

"எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "பதினான்கு வருடமாக இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறார். குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. நம் மொழியில் பத்து வார்த்தை தெரியாது. அவர் உடம்பு இங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்காகவா கதவைத் திறந்து வைப்பது?"

அவர் மூன்றாவது வரிசையில், என் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், சவரம் செய்துகொண்டு கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்ததாக அறிவித்ததும் எல்லோரையும்விட நீளமாகக் கை தட்டினார்.

மே கடைசியில் கதவைச் சாத்தும் சட்டம் வந்தது. அப்பாவைக் கூப்பிட நான் காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் வாசலில் நின்றேன். திமோலியோன் எங்கள் மொழிப் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"கிரேக்கர்களுக்கு இனிமே நூறு பேர்தான்."

"நூறா? நம்ம ஊர்ல ஒரு கல்யாணத்துக்கே அதைவிட ஜாஸ்தி வருவாங்களே" என்றது ஒரு குரல்.

"இங்கிலாந்துக்காரனுக்கு முப்பத்து நாலாயிரமாம்."

"அவன் வந்து நம்ம சாயத் தொட்டியில நிக்கட்டும், பாப்போம்."

லாம்ப்ரோஸ் கேட்டார்: "நூறுன்னா மாசத்துக்கா அண்ணே?"

"வருஷத்துக்குடா. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால இங்க எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர் இருந்தான்னு பார்த்துப் போட்டிருக்கான். அப்ப நம்மாளுங்க எங்க இருந்தாங்க? குடியுரிமை வாங்கினவன் பொண்டாட்டிக்கு மட்டும் இந்த நூறு பேர் கணக்கு கிடையாது, தாராளமா வரலாம். உன்னைத்தான் தலையால அடிச்சுக்கிட்டேனே, காகிதத்தை வாங்கி வைடான்னு."

"ஊருக்குத் திரும்பப் போறவனுக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார் லாம்ப்ரோஸ். பிறகு காப்பியை எடுத்துக் குடித்தார். அடியில் தங்கும் வண்டலையும் சேர்த்தே விழுங்கிவிட்டார். பல்லெல்லாம் கறுப்பாக இருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்க் குடியுரிமைக்கு முதல் மனுவைப் போட்டார். அதன் பிறகு குறைந்தது இரண்டு வருடம் காத்திருந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அப்புறம் ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு கூட்டிவர வேண்டும். மூன்று வருடம் பொறுக்கச் சொல்லித் தியாமாந்தோவின் அப்பாவுக்கு எழுதினார்.

ஆகஸ்டில் பதில் வந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் எங்கள் சமையலறையில் நான் படித்துக் காட்டினேன். இரண்டாவது மகள் மரிகோவுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. அக்கா இருக்கும்போது தங்கையைக் கொடுக்க முடியாது. தியாமாந்தோவுக்கும் பக்கத்து ஊரில் மாவு அரைக்கும் ஆலை வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறோம், மனைவியை இழந்தவர். தங்கைகளுக்காகக் காத்திருந்த உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கொடுத்த வாக்கிலிருந்து எங்களை விடுவியுங்கள். அவ்வளவுதான் கடிதம்.

அம்மா பருப்பைக் கிளறுவதை நிறுத்தினாள். "நீயே ஊருக்குப் போயிடேன் தம்பி."

"எங்க அக்கா போறது? தோட்டத்தை எழுதிக் குடுத்தாச்சு. வீட்ல அந்தூலா புருஷன் இருக்கான். விருந்தாளியாப் போய் எத்தனை நாள் உக்கார்றது?" கடை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று விசாரிப்பவர் போலத்தான் அவர் குரல் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "காகிதம் எடும்மா" என்றார்.

காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். "மாமா, மார்ச் மாசம் மேடையில நான் பேசினது உங்களைப் பத்தித்தான்."

"தெரியும். உங்கப்பா பக்கத்துலேயே உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லிட்டுத்தானே இருந்தாரு."

"அப்புறம் எதுக்குக் கை தட்டினீங்க?"

"நம்ம தெருப் புள்ள ஜெயிச்சிருக்கு, தட்டாம என்ன பண்றது? நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே." காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, "எழுது" என்றார்.

அவர் சொன்னதையே எழுதினேன். வாக்கிலிருந்து உங்களை விடுவித்துவிட்டேன். மூத்தவளை முதலில் கொடுங்கள். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

"தியாமாந்தோவுக்குன்னு ஏதாவது எழுதட்டுமா?"

யோசித்தார். "அந்தப் பொண்ணோட நான் ஒரு நாள்கூடப் பேசினதில்ல. என்னன்னு எழுதச் சொல்றது?"

காகிதத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு எடம் மிச்சம் இருக்கே. இங்க இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு எழுது."

எழுதினேன். கீழே அவர் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.