காமிராவுக்குப் பின்னால் அண்ணன்

தையற்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டால், பாடம் புரியவில்லை என்று அர்த்தம். உடனே டாக்டரம்மா நிறுத்திவிட்டு, நரம்பைப் பற்றிச் சொன்னதையே இன்னும் எளிய வார்த்தைகளில் முதலிலிருந்து சொல்வார். காமிரா பிடிக்கும் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்தத் தையற்காரர் டாக்டரம்மாவின் அண்ணன். டாக்டரம்மா வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி இந்தப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. எந்த ஊர் மருத்துவ மாணவரும் பார்க்கலாம். வகுப்பில் வெளுத்துக்கட்டும் டாக்டரம்மாவுக்குக் காமிராவைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "முகம் பாக்காம எனக்குப் பேச வராது" என்று முதல் நாளே கையை விரித்துவிட்டார். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து, காமிராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்தான் அண்ணன்.

மடியில் ஏதாவது ஒரு சட்டை கிடக்கும். பொத்தான் தைத்தபடியே கேட்பார். நூலைப் பல்லால் கடிக்கும் சத்தமும் பதிவாகிவிடும். முறைத்தால், "மன்னிச்சுக்கங்க தம்பி, பழக்க தோஷம்" என்பார். அடுத்த பொத்தானுக்கு மறுபடியும் கடிப்பார். எனக்கு அவரைக் கோபித்துக்கொள்ளவே வராது. "பாப்பா க்ளாஸ்ல நான்தான் பழைய ஸ்டூடண்ட். ஒரு பரிட்சைகூட எழுதல" என்று சிரிப்பார். பேராசிரியரைப் பாப்பா என்று கூப்பிடும் தைரியம் இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

கொஞ்ச நாளாக மடியில் சட்டை இல்லை. வலது கை சும்மா இருந்தால் நடுங்குகிறது. நடுக்குவாதம் என்று கண்டுபிடித்ததே தங்கைதான். மாணவர்கள் காத்திருக்கும் அடுத்த பாடமும் அதுதான். அதை மட்டும் டாக்டரம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்த நோய் போகப்போக என்னென்ன செய்யும் என்பதை அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வார், பாவம்.

நேற்று அண்ணனே கேட்டுவிட்டார்.

"என்ன பாப்பா, என் பாடத்துக்கு எப்ப வரப்போற?"

"இன்னைக்கு நீங்க வெளிய இருங்கண்ணா. நான் சமாளிச்சுக்கறேன்."

"நான் இல்லாம உனக்குப் பேச்சு வராதே."

"உங்கள எதிர்ல வச்சுக்கிட்டு இதச் சொல்ல வராதுண்ணா."

அவர் எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காமிராவுக்கு முன்னால் வந்து, தங்கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ளைங்களுக்கும் கண்ணால பாத்தாத்தானே புரியும். நீ பாட்டுக்குச் சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் வலது கையை மடியில் சும்மா வைத்தார். இடது கையால் மேசை விளக்கை அதன் பக்கமாகத் திருப்பினார்.