ரிவர்ஸ் போகாத டிராக்டர்

மும்பையின் கோவண்டியில் அய்யாத்துரையைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவருடைய டிராக்டரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. சாங்லிப் பக்கம் கரும்பு இழுத்து ஓய்ந்துபோன வண்டியை வாங்கி வந்து, பின்னால் தண்ணீர் டேங்கரைக் கோத்துவிட்டார். ஆதியில் என்ன நிறம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பெண்கள் டிரம்மைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள்.

மனிதர் அதிகம் பேசமாட்டார். சாப்பாடு, துணிமணி, சினிமா எதிலும் பெரிய ஆசை கிடையாது. அவருக்கென்று இருந்த ஒரே பெருமை ரிவர்ஸ் எடுப்பது. டேங்கரோடு சேர்த்து டிராக்டரைப் பின்னால் தள்ளுவது லேசான காரியம் இல்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டேங்கர் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கவனம் தப்பினால் இரண்டும் மடங்கி யார் வீட்டுச் சுவரிலாவது போய் உட்காரும். அய்யாத்துரையோ அங்குள்ள ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு வரை போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, பீடியைக் கடித்தபடி ஒரே மூச்சில் வெளியே வந்துவிடுவார். இரண்டு பக்கமும் கை நுழையும் இடம்தான் இருக்கும். வேலை இல்லாதவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் யாரையும் கவனிக்காததுபோல எல்லோரையும் கவனித்துக்கொள்வார்.

அந்தச் சந்தின் கடைசி வீடு அவருடைய கூடப்பிறந்த தங்கை பேராச்சியின் வீடு.

அப்படிப்பட்டவர் போன வருஷம் திடீரென்று ஒரு நாள், "ரிவர்ஸ் கராப் ஆயிட்டு. கியர் விழ மாட்டேங்கு. இனிமே முட்டுச்சந்துக்குள்ள வண்டி வராது" என்று அறிவித்தார். சுனாபட்டியில் ஷெட் போட்டுக் கியர்பாக்ஸ் வேலை செய்கிறவன் நான். அவருக்குப் பழைய சிநேகிதன் வேறு. "கொண்டாரும்வே, பாத்துருவோம்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மழை முடியட்டும் என்பார். மழை முடிந்ததும் வெயில் காலத்தில் வண்டியை நிறுத்த முடியுமா என்பார். முன்னால் மட்டுமே போகிற வண்டியை வைத்துக்கொண்டு சுற்றுவழியாகவே கோவண்டி முழுக்கத் தண்ணீர் கொடுத்தார். முட்டுச்சந்துக்காரர்கள் மெயின் ரோட்டில் பிடித்துச் சுமந்தார்கள். பேராச்சிக்குத்தான் தூரம் அதிகம். புருஷன் அம்பர்நாத் ஃபாக்டரிக்கு விடியும் முன்னே கிளம்பிவிடுகிறவர். எல்லாக் குடமும் அவள் இடுப்பில்தான் போயிற்று.

அதன்பிறகு நிஜமாகவே கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. ஒரு சரிவில் இறங்கும்போது இரண்டாவது கியர் தானாக விடுபட்டு, நிறைந்த டேங்கர் வண்டியைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியிருக்கிறது. எப்படியோ பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார். அன்றைக்கே பேயடித்த முகத்தோடு வண்டியை என் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்.

இந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் டிராக்டரையே நடுவில் பிரிக்க வேண்டும். மரக்கட்டையும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்து, முன்பாதியை எஞ்சினோடு உருட்டி நகர்த்தினோம். ஆயிலைத் திறந்துவிட்டால் இரும்புத் தூள் பளபளவென்று கூடவே வந்தது. இரண்டாவது கியரின் பல்லெல்லாம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. அதைத் தள்ளிக் கொடுக்கிற ஃபோர்க் ஒரு பக்கம் மட்டும் இளைத்துத் தகடாகியிருந்தது. லிவர்மேல் கையை வைத்தபடியே ஓட்டுகிறவர்களின் வண்டியில் இது இப்படித்தான் தேயும். சுற்றுவழி, நெரிசல், எந்நேரமும் இரண்டாவது கியர், அதன்மேல் இவர் கை. வேறு என்ன ஆகும்?

கடைசியாக ரிவர்ஸ் கியரைத் துடைத்துப் பார்த்தேன். பல் முழுசாக இருந்தது. ஒரு விரலால் தள்ளினேன், வெண்ணெய் மாதிரி நகர்ந்து போய் உட்கார்ந்தது.

"என்னவே இது?" என்றேன்.

அய்யாத்துரை, "குர்லாவுல பேரிங் கெடைக்குதான்னு பாத்துட்டு வாரேன்" என்று கையைக்கூடக் கழுவாமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேராச்சி மகளுக்குக் காது குத்திய சமாச்சாரம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், கம்மலும் அவன்தான் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு அய்யாத்துரை டேங்கரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ராகுகாலம் நெருங்குகிறது. தாராவியிலிருந்து காது குத்த வந்த ஆசாரிக்கு அடுத்து இன்னொரு வீட்டில் வேலை இருக்கிறது. பிள்ளை பக்கத்து வீட்டு ஜமாலை மாமா என்றுதான் கூப்பிடும். அவன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அய்யாத்துரை ஈரச்சட்டையோடு ஓடி வந்தபோது பிள்ளை வேறு கம்மல் போட்டுக்கொண்டு அழுது முடித்திருந்தது. கொண்டுவந்த கம்மலைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். ஜமால்மேல் அவருக்கு வருத்தமில்லை. தங்கை தனக்காகக் கொஞ்சம் பொறுக்கவில்லையே என்றுதான். அதற்கு அடுத்த வாரம் ரிவர்ஸ் போயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தங்கையோடு சண்டை என்றால் சண்டை போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? ஒரு சந்தையே குடம் தூக்க வைத்து, பழியைப் பாவப்பட்ட இரும்பின்மேல் போட்டிருக்கிறார். தன் ஒரே பெருமையையும் அதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேராச்சி ஷெட்டுக்கு வந்தாள். கியர்பாக்ஸைத் திறந்தாயிற்று, இனி தண்ணீர் வீட்டுக்கே வரும் என்று இங்கே கல்லி என்கிற அந்தச் சந்து முழுக்கப் பேச்சாம். பெஞ்சில் துடைத்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல ரிவர்ஸ் எது?"

நான் தேய்ந்துபோன இரண்டாவது கியரைக் காட்டினேன். வாய் கூசத்தான் செய்தது.

அவள் அதைத் தொடவே இல்லை. "எனக்காவப் பொய் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. மான்கூர்ட்ல தண்ணி நெரப்புத எடத்துல அண்ணன் ரிவர்ஸ் எடுத்தத என் கண்ணால பாத்தேன். ரொம்ப நாளாச்சு."

"அப்போ நீ கேக்கலியா?"

"என்னன்னு கேக்க? தப்பு எங்க மேலதான. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கல்லியில எல்லாரும் அண்ணன வஞ்சாவ. கியர் கராப், அவுக என்ன செய்வாவன்னு நாந்தான் வீடு வீடாச் சொன்னேன். கோவத்துலதான் வரலன்னு தெரிஞ்சா அவுகளுக்குத்தான அசிங்கம்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"இப்ப நீங்க எல்லாத்தையும் புதுசாப் போட்டுருவிய. அதுக்கப்புறமும் அண்ணன் வரலன்னா, நான் கல்லியில போயி என்னத்தச் சொல்லுவேன்? எனக்கே என்னத்தச் சொல்லிக்கிடுவேன்?"

போகும்போது, தான் வந்ததை அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருத்தரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளித் தங்கை வீட்டுக்கு அனுப்பினால் அது போனதாக ஆகாது. வேலையைப் பார்த்தேன். இரண்டாவது கியரும் ஃபோர்க்கும் மாற்றினோம், பேரிங்கும் சீலும் புதுசு. அய்யாத்துரை பக்கத்திலேயே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். ரிவர்ஸ் கியரைப் பழையதையே நான் திரும்பப் போட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியைச் சேர்த்து, டேங்கரில் தண்ணீர் நிரப்பி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். கோவண்டியில் முட்டுச்சந்தின் வாசலுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதோ?" என்றார்.

"ஒரு சத்தமும் இல்லவே."

"ஆயில் ஒழுகுதான்னு பாரும்."

இறங்கிக் குனிந்து பார்த்தேன். "ஒரு சொட்டு இல்ல."

இனிச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. லிவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு ரிக்ஷாக்காரன் ஹாரன் அடித்தான். அதைக் காரணமாக வைத்து நேரே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஸ்டியரிங்கைச் சந்துக்குள் ஒடித்தார்.

கடைசி வீடு வரை போனோம். கதவுகள் திறந்தன, டிரம்முகள் வெளியே வந்தன. பேராச்சியின் எதிர்வீட்டு லூசியம்மாள், "கியர் சரியாயிட்டா அய்யாத்துரை?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பேராச்சி முந்திக்கொண்டாள். "எல்லாம் புதுசு மாத்திருக்காவக்கா. இனிமே தெனமும் உள்ள வரும்."

அய்யாத்துரை எஞ்சினை அணைத்தார்.

"ரிவர்ஸுக்கு ஒண்ணும் ஆகலக்கா," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குத்தான் இவ மேல கோவம். ஒங்க எல்லாரையும் சொமக்க வச்சிட்டேன்."

லூசியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அய்யாத்துரை இறங்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்ண்ணே," என்றாள் பேராச்சி. "பைப்ப எறக்குங்க, எல்லாரும் நிக்காவல்லா."