கதவுகளில் இருந்த பெயர்கள்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. பின்கதவைத் திறந்ததும், இரவு மழையில் ஊறிக் கிடந்த மேப்பிள் இலைகளின் மணம் குளிரோடு சேர்ந்து முகத்தில் வந்து பட்டது. சனிக்கிழமை வேலைகளுக்கு என்னிடம் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் ஒரு "தேத்தண்ணி", பிறகு இலைகளைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் அடைத்தல், பிறகு உடுப்புத் தோய்த்தல், அதன்பின் மரக்கறிக் கடை. உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒல்லாந்திலிருந்து சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில்லில் முற்பகல். அவளுக்கு அங்கே பொழுது பட்டுவிட்டது. சுகந்தி என் மாமாவின் மகள், எனக்கு "மச்சாள்". அவள் சொன்ன செய்தியை விளங்கிக்கொள்ள, எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வயதாக இருந்த கோடை விடுமுறையை முதலில் சொல்லவேண்டும்.

அப்போது நாங்கள் பார்க்டேலில், ஓர் உயர்ந்த கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். மாமா ஒல்லாந்தில் அகதியாகக் குடியேறியவர். "டச்சிலை படிச்சுப்போட்டு உலகத்திலை எங்கை போறது?" என்பது அவருடைய ஓயாத கவலை. பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிப்பதற்காகவே ஐரோப்பாவிலிருந்து இலண்டனுக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தவர்கள் எங்கள் ஆட்களில் பலர். மாமா மகளை மட்டும் எங்களிடம் அனுப்பிவைத்தார். ஓகஸ்ட் முடிவில் பள்ளிக்கூடம் அவளைச் சோதித்துப் பார்த்து வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தால் அவள் எங்களுடன் இருந்து படிப்பாள். கீழ் வகுப்பில் போட்டால் காலத்தை வீணாக்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது பேச்சு. எனக்கு இரண்டு தம்பிமார் மட்டுமே. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் மெத்தை விரித்து அவள் படுத்த முதல் நாளே, இவள் திரும்பிப் போகக்கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

எனவே அவளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பால்கனியில் இருந்துகொண்டு பாடங்களின் பெயர்களிலிருந்து தொடங்கினோம். நான் "பொட்டனி" என்றால் அவள் "பிளான்ட்குண்ட" என்பாள். "ஸுவோலஜி" என்றால் "டீர்குண்ட". "அஸ்ட்ரோனமி" என்றால் "ஸ்தெரன்குண்ட". குண்ட என்றால் அறிவு என்றும், முன்னால் நிற்பவை செடி, விலங்கு, நட்சத்திரம் என்ற வீட்டுச் சொற்கள்தான் என்றும் விளக்கினாள். கணிதத்துக்கு நிச்சயமானதின் அறிவு என்று பெயர். இரசாயனத்துக்குப் பிரித்தெடுப்பதின் அறிவு. நான் மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலப் பெயர்களுக்குள்ளே செடியுமில்லை, மாடுமில்லை. தாவரவியல், விலங்கியல், வானியல் என்று எங்கள் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் இருந்தவை அவளுடைய சொற்களைப்போலவே கட்டப்பட்டவை என்பதை அன்றுதான் கவனித்தேன். என் மொழிக்கு ஒல்லாந்தில் ஒரு மச்சாள் இருப்பதுபோல எனக்குப் பட்டது.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "குண்டுக்குப் பயந்துதானே வெளிக்கிட்டு வந்தனாங்கள், இஞ்சையும் என்ன பிள்ளை குண்டு குண்டெண்டு கொண்டிருக்கிறாய்?" என்றார். அம்மா குசினிக்குள் நின்றபடி, "ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்திலை கோட்டையைக் கட்டினதோடை விட்டிட்டான் எண்டெல்லோ நினைச்சன்" என்றா. சுகந்தியும் சிரித்தாள். இவ்வளவு பெயர்களும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுடைய அம்மா பின்னேரங்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்கிறவ. பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் கூடப் போவாள். அம்மா கதவுகளைத் துடைத்துக்கொண்டு போக, இவள் ஒவ்வொரு கதவிலும் இருந்த பெயரை உரத்து வாசித்துக்கொண்டு பின்னால் போவாளாம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒல்லாந்தில் இப்போது எத்தனை மணி என்று அம்மாவைக் கேட்டாள்.

ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் அவளுக்கு எல்லா ஆங்கிலப் பெயர்களும் பாடமாகிவிட்டன. சோதனை நாளில் அம்மா அரைநாள் லீவு எடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனா. கணக்குத் தாளைச் சுகந்தி ஒரு பிழையுமில்லாமல் செய்து கொடுத்தாள். அடுத்த தாளில் நட்சத்திரம், செடி, மாடு, பூகோள உருண்டை, கண்ணாடிக் குடுவை என்று படங்கள். ஒவ்வொன்றைப் பற்றிய படிப்புக்கும் பெயர் எழுதவேண்டும். அவள் அழகான கையெழுத்தில், அவசரப்படாமல், எல்லாவற்றையும் டச்சில் எழுதினாள்.

ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன மொழி, சரியாக எழுதியிருக்கிறாளா என்று என்னைக் கேட்டார். எல்லாம் சரி என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் போதும், அவள் எனக்குக் கிடைத்திருப்பாள். நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு இவற்றின் ஆங்கிலப் பெயர்களும் தெரியும், ஆனால் இவளுக்கு வீட்டுக்குப் போகவேணும் என்று ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் "ஹோம்" என்ற சொல் விளங்கியது.

திரும்பி வரும்போது ஸ்ட்ரீட்கார் என்ற டிராமில் அம்மா, "ஏன் பிள்ளை, எங்களோடை இருக்க விருப்பமில்லையே?" என்று கேட்டா.

"விருப்பம் மாமி," என்றாள் சுகந்தி. "ஆனா அம்மா தனியக் கதவு துடைக்கிறா."

அன்றிரவு அம்மா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தா. "தம்பி, பிள்ளை கெட்டிக்காரி. இஞ்சை விட்டாலும் படிப்பாள், அங்கை விட்டாலும் படிப்பாள். தாயோடை இருந்து படிக்கட்டும்" என்று சொன்னது, அவளுடைய மெத்தையில் படுத்திருந்த எங்கள் இருவருக்கும் கேட்டது. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கிழமை போனாள். பிறகு கனடாப் பக்கம் வரவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் தொலைபேசியில் சொன்ன செய்தி இதுதான்: அவளுடைய மகன் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், ஆங்கிலத்தில். போன கிழமை அவனோடு அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். "அம்மா துடைச்ச கதவுகள் அப்பிடியே இருக்கு மச்சாள். பேருகள்தான் எல்லாம் இங்கிலிசிலை மாறிப்போச்சு. நான் ஸ்தெரன்குண்ட எண்டு வாசிக்கத் தேடினால் காணேல்லை. மகன், அது பழைய ஆக்களின்ரை சொல்லு எண்டு சிரிக்கிறான்." இங்கே என் மகளின் வாயிலும் வானியல் இல்லை, தாவரவியல் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சுகந்தியின் அம்மா இந்த வசந்தத்தில்தான் காலமானா.

பிறகு அவள், "டிசம்பரிலை நத்தாருக்கு வாறன், மூண்டு கிழமை நிப்பன். இப்ப என்னை இஞ்சை தேடுறதுக்கு ஆளில்லைத்தானே" என்றாள். நான் "ஓம், வா" என்று மட்டும் சொன்னேன். மரக்கறிக் கடைக்கு அன்று நான் போகவில்லை.

மறுநாள் காலை, தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பதற்கும் முன்னால், சின்ன அறையிலிருந்த தையல் மெசினை வெளியே இழுத்துவிட்டு, நிலத்தில் ஒரு மெத்தை விரிக்க இடம் காணுமா என்று அளந்து பார்த்தேன். இரண்டு விரிக்கலாம்.