சலீம் பாய் அனுப்ப முடியாமல் போன நிரல்

செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. தி. நகர் அலுவலகத்தின் வாட்ச்மேன் பேசினார். "மேடம், நம்ம சலீம் பாய் போய்ட்டாரு மேடம். மாரடைப்பாம்." நாற்பதைக்கூடத் தொடாதவர். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, அழுகை பிறகுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சலீம் பாய் என்னோடு வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர். எங்கள் அறை ஒரு புடவைக்கடைக்கு மேலே, ஜன்னலே இல்லாமல் இருந்தது. ஏசி கம்ப்யூட்டர்களுக்காக, அந்தப் புண்ணியத்தில் நாங்களும் நடுங்கினோம். சேர்ந்த அன்றே இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் எழுதி, அசல் பட்டச் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார் முதலாளி. அசல் இல்லாமல் வேறெந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. ஆக, முதல் நாளே மாட்டிக்கொண்டோம்.

ஒரு வங்கியின் கிளைகளை எக்ஸ்.25 முறையில் இணைப்பதுதான் எங்கள் வேலை. தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளும் முறை அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்றிருந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அந்தப் பகுதி அரைகுறையாகக் கிடந்தது. அதை முழுமையாக்கியவர் சலீம் பாய்.

முதல் சோதனையில் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். இரண்டும் வாயே திறக்கவில்லை. ஒன்று நெட்வொர்க்காகவும் மற்றது வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டையுமே வாடிக்கையாளராக்கி வைத்திருந்தோம். அதைக் கண்டுபிடித்த சலீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மாமி, ரெண்டு பேரும் துணி எடுக்க வந்து குந்திக்கினு கீறோம். கடைய யாரு தொறக்கறது?" மயிலாப்பூர்க்காரி என்பதால், கல்யாணமாகாத என்னை அவர் மாமி என்றே அழைத்தார்.

வேலை முடிந்ததும், தான் எழுதிய நிரலை லினக்ஸ்காரர்களுக்கே திருப்பி அனுப்ப ஆசைப்பட்டார். "அவங்க ஊட்ல துன்னுட்டு, தட்டக்கூடக் கழுவாம வரலாமா மாமி?" என்றார். முதலாளி ஒரே வாக்கியத்தில் மறுத்தார். "வெளில போச்சுன்னா, சர்ட்டிபிகேட்ட மறந்துடுங்க."

ஒப்பந்தக் காலம் முடிந்தது. சலீம் பாய் அசலைக் கேட்டுப் போனார். அடுத்த ப்ராஜெக்ட் முடியட்டும் என்று பதில் வந்தது. அடுத்ததும் முடிந்தது, அதே பதில்தான். கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டார். சிரிப்பும் குறைந்துபோயிற்று.

"பேசாம அனுப்பிடுங்கோளேன், பாய்" என்றேன் ஒருநாள்.

"ரெண்டு பொண்ணு கீது மாமி. பேப்பர் அவராண்ட கீது. நான் எங்க போவேன், சொல்லு?"



துக்கம் கேட்கப் போனபோது, கொட்டிவாக்கத்தில் சலீம் பாய் வீட்டுக்கு முதலாளியும் வந்திருந்தார். கையோடு பழுப்பு உறையில் சான்றிதழ்களைக் கொண்டுவந்து, அத்தனை பேர் முன்னிலையில் சலீம் பாயின் மனைவி ஷமீமிடம் நீட்டினார். ஷமீம் வாங்கவில்லை. "அவரு கேட்டப்போ குடுத்திருக்கலாமே, சார்" என்று மட்டும் சொன்னார். முதலாளி நீட்டிய கையோடு நின்றார்.

பிறகு ஷமீம் என் பக்கம் திரும்பினார். "என்னமோ அனுப்பணும், அனுப்பணும்னு சொல்லிக்கினே இருந்தாரே அக்கா. அது போச்சா?"

"இல்ல, ஷமீம்."

நேற்று அந்த நிரலை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் சலீம் பாயின் பெயரை மட்டும் போட்டேன். என் சான்றிதழ்கள் இன்னும் அந்தப் பீரோவில்தான் இருக்கின்றன. விஷயம் தெரிந்தால் அவை எனக்குக் கிடைக்கப்போவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை பதில் வந்திருந்தது. எங்கோ ஒரு நாட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். நிரல் அருமையாக ஓடுகிறதாம், சேர்த்துக்கொள்கிறார்களாம். ஓரிடத்தில் மட்டும் சின்னச் சந்தேகம், சலீமிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்கிறார்.

அவருக்கு என்ன எழுதுவது, பாய்? போய் வாருங்கள். அந்தச் சந்தேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.