பெருமாளுக்கு நான் செய்த நாலாவது வில்

வில் செய்கிற தொழிலில் மரத்தைச் சீவி எடுப்பது ரொம்பச் சுலபம். சீவியதைத் திரும்ப வைப்பதுதான் யாராலும் ஆகாத காரியம். எனக்கு இது பரம்பரைத் தொழில் அல்ல. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரிக்கரைக் குப்பத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவன் நான். வில் செய்தது கார்த்திகையிலிருந்து தை வரை, ஏழு வாரம். தெரியாத வேலைக்குத் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் முன்வந்த கதை

எளாவூருக்கு இந்தப் பக்கம் நெல் விளைகிற கிராமம் ஒன்றில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. காணும் பொங்கலன்று பெருமாள் எங்கள் குப்பத்துக் கரைக்குப் பாரிவேட்டைக்கு வருவார். பட்டர் அவர் சார்பில் ஓர் அம்பு விடுவார். அந்த வில்லைத் தோளில் சுமந்து வந்து, திரும்பவும் கோயில் வாகன அறையில் வைப்பது எங்கள் குப்பத்து ஆளின் உரிமை. போன வருஷம் அந்த உரிமை எனக்கு வந்தது. சும்மா வைத்துவிட்டு வந்திருக்கலாம். பட்டர் ஒரு சாண் இழுக்கிற வில்லை நான் காது வரை இழுத்து, மதில்மேல் போனைச் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்தேன். 'சடக்' என்றது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு துண்டையும் பட்டுத்துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, வாகன அறைச் சாவியை வைத்திருந்த முனிரத்தினம் அண்ணனிடம் "வெச்சிட்டேண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை மழையில் அந்த அறை ஒழுகியபோதுதான் தர்மகர்த்தா துணியைப் பிரித்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ வைக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "முழுசாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். அப்படியானால் மழையில் உளுத்துத்தான் முறிந்தது, கூரை ஓடுகளை மாற்றச் சொல்லாதது முனிரத்தினம் குற்றம் என்று முடிவாயிற்று. இருபது வருஷமாக அவர் இடுப்பில் தொங்கிய சாவியை வாங்கிக்கொண்டு, அவரை வாசலில் செருப்புக்குக் காவலாக உட்காரவைத்தார்கள். என் வாயில் அப்போது உண்மை வரவில்லை, வேறொன்று வந்தது. "புது வில்லு நானே செஞ்சு தர்றேன்" என்றேன். வெளியே வரும்போது முனிரத்தினம் அண்ணன் என் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரே என்ன ஏசுது. நீயாவது முன்னாடி வந்தியே நைனா, நல்லா இருப்ப."

சவுக்கு

எங்கள் கரையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சவுக்குக் கம்புதான் அகப்படும். நேராக இருக்கும், கணு இருக்காது. இதைவிட நல்ல மரம் ஏது என்று முதல் வில்லை அதில் ஆரம்பித்தேன். போனில் ஒருவர் வில் செய்கிற வீடியோ கிடைத்தது. அவர் பேசிய பாஷை புரியவில்லை, கைவேலை மட்டும் புரிந்தது. புரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

கை பழகின வேலை மனசுக்குக் கட்டுப்படுமா? பிடி உருண்டையாக வந்தது. முனைப்பக்கம் மெலிவதற்குப் பதிலாகப் பட்டையாக அகன்றது. நாண் பூட்டி இழுத்ததும் உலர்ந்த முறுக்கு மாதிரி ஒடிந்தது. என் மனைவி மல்லிகா மிஞ்சின பாதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வில்லு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா துடுப்பு நல்லா செஞ்சிருக்க" என்றாள்.

மீன் தராசு

இரண்டாவது வில் வேப்பமரம். இங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் வருகிறது. வில்லுக்கு இரண்டு கை, பிடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி வளைய வேண்டும். வில்லைச் சுவரில் மாட்டி, நாணைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து, எட்டி நின்று பார்க்க வேண்டும். எந்தக் கை முரண்டுபிடிக்கிறதோ அதைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். எவ்வளவு பலம் என்று பார்க்க, மீன் ஏலம் விடுகிற தேசம்மா அக்காவிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்தேன். காலையில் நாணில் மாட்டி இழுத்தால் முள் இருபது கிலோவில் நின்றது. இடது கை கொஞ்சம் விறைப்பு. சுரண்டினேன். இப்போது வலது கை விறைப்பு. அதையும் சுரண்டினேன். மறுபடி இடது.

குரங்கு அப்பம் பங்கு வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் குரங்குக்காவது வயிறு நிறைந்தது. சாயங்காலம் இரண்டு கையும் ஒரே மாதிரி, அழகாக வளைந்தன. தராசு நாலு கிலோ காட்டியது. அம்பு விட்டால் என் கால் கட்டைவிரல் பக்கத்திலேயே விழுந்தது. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததைச் சொல்லித் தொலைத்தேன். தேசம்மா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "காலைல இருபது, சாயங்காலம் நாலா? இன்னா நைனா, வில்லைக் கருவாடு போட்டியா?"

ஒட்டு

மூன்றாவதற்குப் புளியங்கிளை. பள்ளிக்கூடத்தில் என் முதுகில் அத்தனை விளாசியும் முறியாத புளிய மிலாறு ஞாபகம் வந்தது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினேன். வெளிப்பக்கத்தில் ஒரு கணு துருத்திக்கொண்டிருந்தது. அழகாக இருக்கட்டும் என்று அதை இழைத்து மட்டமாக்கினேன். வில்லின் முதுகில், அதாவது அந்த வெளிப்பக்கத்தில், கைவைக்கக் கூடாது என்பது இரண்டாம் வகுப்புப் பாடமாம். வளைத்ததும் அந்த இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது.

விரிசலைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும், தொழில் அப்படி. ஃபைபர் துணி வைத்து, ரெசின் ஊற்றி, தேய்த்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டேன். விரிசல் இருந்ததே தெரியவில்லை. சொன்னால் வெட்கக்கேடு, அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகவே இருந்தது. மறைப்பதில் நான் எவ்வளவு தேறிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்கிற அந்தோணி வில்லை வாங்கி முட்டியில் வைத்து அமுக்கினான். அது அசையவே இல்லை. "படகு வளையாம இருக்க ஒட்டுப் போடுவோம். இது வளையணும்னுதானடா செய்யற?" என்றான்.

எண்ணெய்

நாலாவதும் புளிதான். இந்த முறை முதுகைத் தொடவில்லை. சுரண்டின நேரத்தைவிட எட்டி நின்று பார்த்த நேரம் அதிகம். பன்னிரண்டு கிலோவில் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைந்தன. சந்தோஷத்தில், எங்கள் ஆட்கள் எந்த மரத்துக்கும் செய்கிற காரியத்தைச் செய்தேன். உப்புக்காற்றில் மரம் வெடிக்காமலிருக்க மரப்படகுக்கு மீன் எண்ணெய் பூசுவோம். மூன்று தடவை பூசினேன். அந்த வாடையில் பிறந்து வளர்ந்த மூக்கு எனக்கு. அது ஒன்றும் சொல்லவில்லை.

போகிப் பண்டிகைக்கு முந்தின நாள் வில்லைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கோயில் வாசலில் இறங்கியபோது பின்னால் மூன்று பூனைகள். முனிரத்தினம் அண்ணன் துண்டை வீசி வீசி அவற்றை விரட்டினார். பட்டர் ஆசையாகக் கையை நீட்டியவர், அப்படியே மூக்கைப் பொத்திக்கொண்டு மடப்பள்ளிப் பக்கம் நகர்ந்தார். அங்கே நின்றுகொண்டு, கோபத்தை அடக்கிச் சொன்னார்: "பெருமாள் வேட்டைக்கு எழுந்தருளறார்ப்பா, மீன் பிடிக்கப் போகலை."

மாலை

கோயில் கிணற்றடியில் அரப்புத்தூளும் புளியும் போட்டுத் தேய்த்தது நானல்ல, முனிரத்தினம் அண்ணன். "நீ ஏழு வாரம் கஷ்டப்பட்ட, குடு" என்று பிடுங்கிக்கொண்டார். நாலு தடவை கழுவி, நிழலில் உலர்த்தி, மேலே சந்தனம் பூசினார். காணும் பொங்கலன்று வில் எங்கள் கரைக்கு வந்தபோது வாடை இல்லை.

அம்பு விடுவதற்கு முன்னால் எனக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட வேண்டும் என்று தர்மகர்த்தா அறிவித்தார். தாம்பாளத்தில் மாலையை ஏந்திக்கொண்டு வந்தவர் முனிரத்தினம் அண்ணன். தன்னை அன்று யாரும் ஏசவில்லை என்பதிலேயே அவருக்கு முகம் மலர்ந்திருந்தது. எனக்குக் கழுத்து குனியவில்லை. "பழைய வில்லு மழையில உளுக்கலைங்க. போன வருஷம் நான்தான் இழுத்து முறிச்சேன். முழுசா வெச்சேன்னு சொன்னது பொய்" என்றேன். மேளக்காரர் கை நின்றுவிட்டது. மல்லிகா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தாள். தர்மகர்த்தா மடியிலிருந்து சாவியை எடுத்து முனிரத்தினம் அண்ணனிடம் நீட்டினார்.

அவர் சாவியை உடனே வாங்கவில்லை. தாம்பாளத்தைக் கீழே வைத்தார், மாலையை எடுத்துப் புது வில்லுக்குப் போட்டார், அப்புறம்தான் வாங்கி இடுப்பில் செருகினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு மாசமா என் பொண்டாட்டியே நான்தான் ஓட்டை பாக்காம வுட்டேன்னு நம்பிக்கினு கீறா. வா, இங்க சொன்னத எங்க வூட்ல வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

ஒரு வில்லை ஒழுங்காக வளைக்க எனக்கு நாலு கட்டை தேவைப்பட்டது, என் கழுத்தை வளைக்க அண்ணன் வீட்டில் அந்த அம்மாள் திறந்த ஒரு கதவே போதுமாக இருந்தது.