அக்கா மலைக்குக் கொண்டுபோன போத்தல்

கொரோனாக் காலம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்திருந்த நேரம் அது. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் மகள், என் அக்கா. என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். மற்றபடி அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணையும்தான் எங்கள் உலகம். இன்றைக்கு அந்த லயமே இல்லை, இடித்துவிட்டார்கள். எங்களுக்குத் தனி வீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் காம்பராவின் சிவப்புச் சிமெந்துத் தரைதான் முதலில் வருகிறது. அந்தத் தரையால்தான் இந்தக் கதையே.

நான் ஐந்து வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். அந்த ஐந்து வருடமும் என் மகளை வளர்த்தது அக்காதான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போனபிறகு என்னைக் கரையேற்றினாள், அப்புறம் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கொழுந்து பறிக்கும் வேலை. விடியும் முன் எழும்பி, பிள்ளைக்குச் சோறு கட்டி, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, பொழுது சாயத் திரும்புவாள். நான் ஊருக்கு வந்து இறங்கியபோது என் மகள் அவளைத்தான் "அம்மா" என்றாள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்காக நான் அக்காவிடம் கோபப்பட்டதும் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டில் நான் வேலை செய்த வீட்டில் தரையைத் துடைத்து முடித்தால் ஒரு வாசம் வீடு முழுக்க நிற்கும். மூக்கில் ஏறி, கண்ணைச் சுருக்க வைக்கும் வாசம். அந்த வீட்டம்மா கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். வாசம் இருந்தால் சுத்தம், இல்லாவிட்டால் மறுபடியும் துடைக்க வேண்டும். என் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருக்கிறேன். இருந்தாலும் என் மண்டையில் என்ன ஏறியது தெரியுமா? வாசம்தான் சுத்தம் என்பது. ஊருக்கு வந்ததும் எங்கள் காம்பராவும் அப்படி மணக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

அதற்குத் தோதாக ஒரு ஆள் மாதம் ஒருமுறை ஆட்டோவில் வருவான். ஆட்டோவின் பின்பக்கம் முழுக்கப் போத்தல். பச்சை, நீலம், ரோஸ் என்று விதவிதமான நிறத்தில் கழுவும் தண்ணீர். எல்லாம் சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றி வைத்தது. ஒருநாள் அவன், "நங்கி, தங்கச்சி, இது ரொம்ப ஹொந்தாய், நல்ல சாமான், கிருமி ஒன்னும் நிக்காது" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லி, கருஞ்சிவப்பாக ஒன்றைக் காட்டினான். மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. ஆகா, இதுதான்! அந்த வெளிநாட்டு வீட்டின் அதே வாசம். அன்றிலிருந்து நான்கு மாதம் அதுதான் எங்கள் வீட்டில். ஒரு மூடி ஊற்றினால் வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப் போகும். தரைக்கு அது, கக்கூசுக்கு அது, அடுப்புத் திண்டுக்கும் அதுதான். பக்கத்துக் காம்பரா ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க, ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?" என்று கேலி செய்வார்கள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளுக்கு மூக்கில் எந்த வாசமும் ஏறுவதில்லை. கருவாடு பொரித்தாலும் தெரியாது, சோறு அடிப்பிடித்தாலும் தெரியாது. "ஒனக்குப் புடிச்ச மாதிரி கழுவிக்க. எனக்கென்ன, மூக்கே செத்துப்போச்சு" என்று சிரிப்பாள்.

இப்போது நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் போத்தலில் பழைய சோடாக் கம்பனியின் லேபிள் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி, அடுப்படி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மலைக்குச் சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத வெறும் தேநீர், கொண்டுபோவது வழக்கம். எல்லோரும் அதை இந்த மாதிரிப் பழைய சோடாப் போத்தலில்தான் ஊற்றிக்கொண்டு போவார்கள். அக்கா இஞ்சி தட்டிப்போட்டுக் கொண்டுபோகும் போத்தலும் அதே அளவு, அதே வளைவு. அதுவும் அதே ஜன்னல் விளிம்பில்தான் ஆறும். நிறமும் அச்சு அசல் ஒன்றுதான். நான்கு மாதம் இரண்டு போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. என் கண்ணுக்கு அது படவேயில்லை.

அன்றைக்கு விடியக்காலையிலேயே கரண்ட் போய்விட்டது. வெளியே பனிமூட்டம். அக்கா குப்பி விளக்கு வெளிச்சத்தில் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடையை மாட்டிக்கொண்டு, போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உடுப்புத் துவைத்து முடித்து, தரை துடைக்க உட்கார்ந்தபோது மணி ஒன்பது தாண்டியிருக்கும். ஜன்னல் விளிம்பிலிருந்த போத்தலை எடுத்து ஒரு மூடி வாளியில் ஊற்றினேன். தண்ணீர் வெளுக்கவில்லை. இன்னொரு மூடி. ம்ஹூம். என்னடா இது, ஏமாற்றிவிட்டானா என்று குனிந்து மோந்து பார்த்தேன்.

இஞ்சி வாசம் வந்தது.

வாளியைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அக்காவின் சாயத்தண்ணி இங்கே இருக்கிறது என்றால், அவள் கையில் இருப்பது எது? வேறு யாராவது என்றால் மூடியைத் திறந்ததும் வாடை காட்டிக் கொடுத்துவிடும். அக்காவுக்கு? அவள் களைத்துப்போய் உட்கார்ந்து கடகடவென்று குடிக்கிறவள்.

ஃபோனை எடுத்து அவளுக்கு அடித்தேன். அவளுடைய ஃபோன் தலையணைக்கு அடியில் இருந்து கத்தியது. மலைக்குப் போனால் மழையில் நனைந்துவிடும் என்று அவள் கொண்டுபோவதே இல்லை. செருப்பைக் கூடப் போடாமல் ஓடினேன். எந்த மலையில் பறிக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. வழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சித்தியிடம் கேட்டால், "பாலத்துக்கு மேல பத்தாம் நம்பர் மலையிலங்கிறாக. என்னாடி, யாருக்கு என்னா ஆச்சு?" என்கிறார். பதில் சொல்ல எங்கே நேரம்! குறுக்குப் பாதையில் ஏறினேன். தேயிலைச் செடி காலைக் கிழித்தது, சறுக்கி இரண்டு தடவை விழுந்தேன். முருகா முருகா என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணி நேரம். அதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

மேலே போனபோது எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு மண் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். போத்தல் வாய்க்குப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். "அக்கா, குடிக்காத!" என்று கத்தினேன். எனக்கே அடையாளம் தெரியாத குரல். அவள் திரும்புவதற்குள் பாய்ந்து போத்தலைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய்ச் செடி மூட்டில் நின்றது.

"பைத்தியமாடி ஒனக்கு? இருந்த ஒரு மடக்குத் தண்ணியையும் தட்டிவிட்டுட்டியே!" என்று அக்கா எரிந்து விழுந்தாள். பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பொத்தினாள். "அடி ஆத்தே! இது கக்கூசு கழுவுற மருந்துல்ல!" என்று அவள் கத்தவும் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே. என்ன வாடை, என்ன வாடை என்று கேட்டுக்கொண்டே உதட்டைத் தொட்டாள். கீழ் உதட்டின் ஒரு பக்கம் சிவந்து எரிய ஆரம்பித்திருந்தது. வாய் வைத்துவிட்டாள், ஆனால் விழுங்கவில்லை.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி அண்ணன் நல்ல மனிதர். சத்தம் போடாமல் அக்காவைப் பக்கத்தில் மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்குக் கூட்டிப்போய், ஓடுகிற தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்ப வைத்தார். கொழுந்து ஏற்ற வந்த லொறியில் எங்களைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே டொக்டர் ஐயா அக்காவின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இது என்ன மருந்தும்மா? பேர் என்ன? இதுல என்ன கலந்திருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதம் என் பிள்ளை உருண்டு விளையாடுகிற தரையில் தேய்த்திருக்கிறேன், அதன் பெயர் எனக்குத் தெரியாது. லேபிளைச் சுரண்டியது சோடா லேபிள்தான். இந்த மருந்துக்கு என்று ஒரு லேபிள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நான் கையோடு எடுத்து வந்திருந்த போத்தலின் அடியில் மிஞ்சியிருந்ததை அவர் மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யார் வீட்டுக்குள்ள கொண்டாந்தது?" என்று கேட்டார். லயத்து ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். வெளிநாடு போய் வந்த தங்கச்சி அக்காவுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்ற பேச்சு அதற்குள் லயத்துக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வீங்கிய உதட்டோடு சொன்னாள். "நாந்தாங்கய்யா. நாந்தான் வாங்கினேன், நாந்தான் இருட்டுல மாத்தி எடுத்துட்டேன். இவ மேல ஒரு தப்பும் இல்லைங்க."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெளிநாட்டில் ஐந்து வருடமும் யாரிடம் என்ன திட்டு வாங்கியும் நான் அப்படி அழுததில்லை.

சாயங்காலம் வீட்டில் அக்காவுக்கு ஆறவைத்த கஞ்சியைக் கரண்டியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை. அப்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னாள். "நீ அத ஊத்துறப்பல்லாம் எனக்குக் கண்ணு எரியும்டி. வாசந்தான் தெரியாது, எரிச்சல் தெரியாதா? ராவுல நெஞ்சும் கரகரன்னு இருக்கும். ஆசையா கழுவுறியேன்னு சொல்லல."

நான்கு மாதமாக! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. அதே வேகத்தில் இன்னொன்றும் புரிந்தது. அவள் சொல்லாமல் பொறுத்துக்கொண்ட பட்டியல் இதோடு முடிகிறதா என்ன?

அடுத்த நாளே எல்லாவற்றையும் அடியோடு மாற்றிவிட்டேன் என்று கதை விட மாட்டேன். முதல் ஒரு வாரம் வீடு சுத்தமாகவே இல்லாத மாதிரி எனக்கு அரித்தது. வாசம் இல்லாமல் துடைத்தால் துடைத்த மாதிரியே இல்லை. பிறகு கை பழகியது. அடுப்புத் திண்டின் எண்ணெய்ப் பிசுக்குக்கு அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போதும். தரைக்குக் கொஞ்சம் வினாகிரி, இல்லாவிட்டால் வெறும் சவர்க்காரத் தண்ணீர். பித்தளைக்கும் பீங்கானுக்கும் பிழிந்து போட்ட தேசிக்காய், அதாவது எலுமிச்சைத் தோல். சும்மா சொல்லக் கூடாது, சிவப்புத் தரை முன்னைவிடப் பளிச்சென்றுதான் இருந்தது. கக்கூசுக்கு மட்டும் கடையில் ஒன்று வாங்குகிறேன். அதுவும் அதன் சொந்த டப்பாவிலேயே, உயரத்தில், பூட்டி. கடைக்காரர் என்னைக் கண்டாலே, "வந்துட்டாங்கப்பா, பின்பக்கம் வாசிக்கிற அக்கா" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். என்ன கலந்திருக்கிறது, கையில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிராத சாமான் எங்கள் வாசற்படியைத் தாண்டாது. முன்பக்கம் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் மட்டும் நம்பிவிடுவேனா? பரம்பரை பரம்பரையாக இலை பறித்த குடும்பம், எங்களிடமேவா!

அந்த மழைக்காலத்தில் மகளின் இருமலும் குறைந்தது. இதனால்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் விரல் இடுக்குத் தோல் மட்டும் மெல்ல மெல்ல ஆறியது, அதை நானே பார்த்தேன்.

ஆட்டோக்காரன் அதன்பிறகும் வந்தான். லயத்துப் பெண்களில் பாதிப் பேர் வாங்கவில்லை, பாதிப் பேர் வாங்கினார்கள். நான் ஒவ்வொரு காம்பராவாகப் போய், வாங்கினால் தயவுசெய்து சோடாப் போத்தலில் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவின் உதட்டில் அந்தச் சின்ன வடு அப்போதும் இருந்தது.

அந்தக் காம்பராவில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பாயில் நெருங்கிப் படுத்த இரவுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. மகள் இப்போது ஹட்டனில் பெரிய வகுப்புப் படிக்கிறாள். என்னையும் அம்மா என்கிறாள், அக்காவையும் அம்மா என்கிறாள். நான் இப்போது அதற்குக் கோபப்படுவதில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள், மூக்கு இன்னும் திரும்பவில்லை. அன்றைக்கு நான் வாளியின் பக்கத்தில் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால், பளபளக்கும் ஒரு தரையும் நானும்தான் மிஞ்சியிருப்போம். அக்கா குறுக்கும் நெடுக்குமாக நடந்து காலடி பதிக்கிற தரைதான் எனக்குச் சுத்தமான தரை.