ஈரத் தலைக்கு மருந்துச் சீட்டு

காரைக்குடியில் பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பது என்பது, நோயாளி வாயைத் திறப்பதற்குள் உடன் வந்தவர் சொல்லும் நோயை முழுக்கக் கேட்டாக வேண்டிய தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உங்களில் இருந்தால், படித்து ஆறுதல் அடையுங்கள்.

சூடு

இது ஆரம்ப காலத்தில் நான் செய்த தப்பு. நாற்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் தனியாக வந்து, "உடம்பு சூடு" என்றார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். நர்ஸை வெளியே அனுப்பிய பிறகுதான் விஷயம் வந்தது. இந்த வயதில் ஆசை குறையாமல் கூடுகிறதே, மூளை கெட்டுவிட்டதோ என்று பயம். பரிசோதித்துவிட்டு, ஒன்றும் கெடவில்லை, சிலருக்கு அந்த வயதில் கூடவும் செய்யும் என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்: "வெந்தயத்துல தீர்ற சூடுன்னா நான் எதுக்கு டாக்டரம்மா டோக்கன் போட்டு ஒக்காந்திருக்கேன்?"

மாமியாரின் எண்ணிக்கை

கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாமியார், மருமகள் விஜயாவை அழைத்து வந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்த மறுநாள் காலையில் பெண் தலைக்குக் குளிப்பது பல வீடுகளில் இன்னும் வழக்கம்தானே? அதை வைத்து மாமியார் எண்ணியிருக்கிறார். "வாரத்துல அஞ்சு நாளு ஈரத்தலையோட நிக்கிறா. இது வியாதிதான்னு எழுதிக் குடுங்க, வலையபட்டியில அவ அப்பன் வீட்டுல கொண்டு விட்டுர்றோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, விஜயாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். தூக்கம் சரியாக இருக்கிறதா, இது திடீரென்று கூடியதா, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, அடக்க முடியாமல் வேலை கெடுகிறதா? எதுவும் இல்லை. அவள் சுபாவமே அப்படி. கடைசியாக, "இது உனக்குத் தொந்தரவா இருக்காம்மா?" என்றேன். "இது தொந்தரவு இல்ல டாக்டர். அயித்த எண்ணுறாக பாருங்க, அதுதான் தொந்தரவு."

தூக்கம் கெட்டவர்

கணவர் செல்வத்தைத் தனியாக வரச் சொன்னேன். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் நின்று அலுத்து வருகிறவர், வேண்டாம் என்று மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு, "தூங்கவே விடமாட்டேங்கிறா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்கே போய்ச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! ஒருவருக்குப் பசி அதிகம், ஒருவருக்குக் குறைவு. ஆசையும் அப்படித்தான், கூடுதலாக இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது என்றேன். இன்றைக்கு முடியாது என்று நீங்களும் சொல்லலாம், அவளும் அதை மதிக்க வேண்டும், ஆனால் அதை அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "முடியலன்னு சொன்னா என்னைய ஆம்பளையா மதிப்பாளா டாக்டர்?"

சீட்டு

மூன்றாம் நாள் மூவரும் வந்தார்கள். விஜயாவின் துணிப்பெட்டி வாசலில் ஆட்டோவிலேயே இருந்தது. சீட்டு கிடைத்ததும் நேரே வலையபட்டிதான். "அந்தம்மாவுக்குச் சொந்தக்காரக ஜாஸ்தி டாக்டர், எழுதிக் குடுக்கலன்னா ஒருத்தரும் இங்குட்டு வரமாட்டாக" என்று நர்ஸ் காதைக் கடித்தார். வராவிட்டால் போகட்டும். பொய்யாக ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று இருந்தேன். விஜயாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, 'பரிசோதித்தேன், இவருக்கு நோய் எதுவும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன்.

மாமியார் வாசித்துவிட்டு மேசையில் போட்டார். "இத வச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். செல்வம் யாரையும் பார்க்காமல், "நேத்து நாங்க பேசிட்டோம்மா. முடியலன்னு நாந்தேன் சொல்லாம இருந்தேன். அவ எங்கயும் போகல" என்றார். சொல்லிவிட்டு, வண்டியை வீட்டுக்கே விடச் சொல்ல ஆட்டோக்காரரிடம் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஜயா அந்தச் சீட்டை எடுத்து நான்காக மடித்தாள்: "எங்கிட்ட இருக்கட்டும் அயித்த. அடுத்த தடவ எண்ணுறப்ப காட்டுறேன்."

மருமகளின் ஆசைக்கு மருந்து கேட்டு வந்த அந்த வீட்டில், அன்றைக்கு நான் மாத்திரை எழுதிக் கொடுத்தது ரத்த அழுத்தம் எகிறிப் போயிருந்த மாமியாருக்கு மட்டும்தான்.